சாமையோடு விளைந்த கிலுகிலுப்பை

கொல்லி என்னும் பெயருக்குப் பொருள் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் மரணத்தையே துணைக்கு அழைத்திருக்கிறார்கள். மலைக்காய்ச்சல் ஏறியவரைக் கொன்றதால் கொல்லி என்பர் சிலர். கண்டவர் உள்ளத்தைக் கவர்ந்து உயிரையும் கொள்ளும் கொல்லிப்பாவையின் இருப்பிடம் ஆதலால் கொல்லி என்பர் வேறு சிலர். சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு அப்பாவையை உவமையாக்கினர். வன்பரணர் அம்மலைக்குரிய வல்வில் ஓரியின் வில்லாற்றலையும் கொடையையும் பாடினார். இன்று நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறவர்கள் அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கையையும் தேடிச் செல்கிறார்கள். வழியில் சரிவுகளில் விளையும் சாமையைப் பார்ப்பவர் சிலரே. இக்கட்டுரை அந்தச் சாமையைப் பற்றியது. அதனோடு சேர்ந்து முளைக்கும் ஒரு களையைப் பற்றியது. அக்களை மனித ஈரலுக்குள் குருதியின் வழியை அடைத்த வரலாற்றைப் பற்றியது. அவ்வரலாறு கொல்லிமலையில் நிகழ்ந்ததன்று. ஆனால் கொல்லிமலையைப் போன்றே மலைவாழ் மக்கள் சாமை உண்டு வாழ்ந்த, வடக்கே நெடுந்தொலைவில் உள்ள ஒரு நிலத்தில் நிகழ்ந்தது.

முதலில் ஈரலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தமிழில் 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறோம். அச்சத்தின் இருப்பிடமாக ஈரலை நம் மொழி வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. மருத்துவம் கூறும் செய்தியும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. உடல் பேரதிர்ச்சிக்கு உள்ளாகிக் குருதியழுத்தம் வீழும்போது முதலில் அடிபடும் உறுப்புகளுள் ஈரலும் ஒன்று. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை லிட்டர் அளவு, ஈரலைக் கடந்து செல்கிறது. பெரும்பாலான பிற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு. குருதி இரு வழிகளில் வந்து சேர்கிறது. குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்து வரும் வாயிற்சிரை முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது. ஈரல் தமனி எஞ்சிய கால் பங்கைத் தருகிறது. வெளியேறுவதற்கோ ஈரல் சிரைகளின் வழி ஒன்றே.

ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு வாய்க்கால்கள் நீர் கொணரும் வயல் ஒன்று. அதற்கு ஒரே வடிகால். நீர்வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. ஈரலிலும் ஒரு கடைமடை உண்டு. குருதி ஒவ்வொரு சிறு நுண்மடலின் ஓரத்தில் நுழைந்து, வரிசையாக நிற்கும் உயிரணுக்களுக்கு உயிர்வளியைக் கொடுத்துக்கொண்டே நடுவிலுள்ள நுண்சிரையை நோக்கிச் செல்கிறது. நடுவை அடைவதற்குள் உயிர்வளியில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. ஆகவே குருதியோட்டம் குறையும்போது முதலில் மடிபவை நுண்சிரையைச் சுற்றியுள்ள அணுக்கள். மாரடைப்பிலும் கடும் இரத்த இழப்பிலும் சீழ்நச்சு நிலையிலும் ஈரல் இவ்வாறு திடீரெனச் சிதைவதுண்டு. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 'இஸ்கீமிக் ஹெபடைட்டிஸ்' என்று அதற்குப் பெயர் சூட்டினர். கிருமியால் வரும் அழற்சி அன்று அது. பெயர்தான் அப்படித் தோன்றச் செய்கிறது. குருதியில் ஈரல் நொதிகளின் அளவு ஓரிரு நாட்களில் ஆயிரக்கணக்கில் உயர்ந்து, ஓட்டம் மீண்டால் ஒன்றரை வாரத்திற்குள் சரிந்துவிடும். 'ஷாக் லிவர்' என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. ஈரக்குலை நடுங்குவது என்று இதை மொழிபெயர்த்தால் மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

வாய்க்கால் வற்றினால் நேர்வது அது. வடிகால் அடைபட்டால்? நீர் தேங்கும். வரும் நீரும் உள்ளே நுழைய இயலாது நிற்கும். கடைமடைப் பயிர் அப்போதும் மடியும். நீரில் நின்றுகொண்டே மூச்சுமுட்டி மடியும். ஈரலின் வடிகால் நுண்சிரைகள் அடைபடும்போது நிகழ்வது சரியாக இதுதான். ஈரல் வீங்குகிறது, வலிக்கிறது. தேங்கிய குருதியிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் நிறைகிறது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் பானையாகிறது. நம் பழைய மருத்துவ நூல்கள் இதை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் குறித்தன. ஐதரேய பிராமணத்தில் வருணனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றத் தவறிய அரிச்சந்திரனுக்கு வந்ததும் இவ்வயிற்று வீக்கமே. வாக்குத் தவறியவனைத் தெய்வம் தண்டிக்கும் நோய் என்று கருதப்பட்ட ஒன்று, பிற்காலத்தில் எவருக்கும் எந்த வாக்கும் கொடுக்காத ஏழைகளிடம் ஊர் ஊராக வந்து சேர்ந்தது.

1970களின் நடுப்பகுதி. அன்றைய மத்தியப் பிரதேசத்தின் (2000ஆம் ஆண்டு முதல் சத்தீஸ்கரின்) சர்குஜா மாவட்டத்தில், பழங்குடியினர் மிகுந்த சில சிற்றூர்களில் ஒரே வீட்டில் பலருக்கு வயிறு வீங்கியது. மஞ்சள் காமாலை பெரிதாக இல்லை. குடிப்பழக்கத்தால் நேர்ந்தது என்று தள்ளிவிடவும் வழியில்லை. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.என். டாண்டன், நோயியல் அறிஞர் எச்.டி. டாண்டன் முதலியோர் அடங்கிய குழு இதனை ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் லான்செட் இதழில் அறிக்கை வெளியிட்டது. 67 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 28 பேர் இறந்தனர். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஈரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழிவு நடுநுண்சிரையைச் சுற்றி இருந்தது. நான் மேலே கடைமடை என்று சொன்ன இடம் அதுவே. நுண்சிரைகளின் உட்சுவர் தடித்து வழி அடைபட்டிருந்தது.

இந்நோய்க்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. 1954ஆம் ஆண்டில் ஜமைக்காவில் பிராஸ், ஜெலிஃப், ஸ்டூவர்ட் ஆகிய மூவர் குழந்தைகளிடம் இதனைக் கண்டு சிரை அடைப்பு நோய் என்று விவரித்தனர். சிறு உபாதைகளுக்கு மருந்தாகக் காட்டுச் செடிகளைக் கொதிக்கவைத்துக் கொடுக்கும் 'புஷ் டீ'யில் நஞ்சு இருந்தது. அதற்கும் முன்னர், 1920ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் செனிசியோ என்னும் களையின் விதை கலந்த கோதுமை ரொட்டியால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி வில்மோட், ராபர்ட்சன் இருவரும் எழுதியிருந்தனர். அங்கே வறிய வெள்ளையர், ஜமைக்காவில் கறுப்பினக் குழந்தைகள், சர்குஜாவில் பழங்குடி உழவர். நிறம் மாறியது, வறுமை மாறவில்லை.

சர்குஜாவில் காரணத்தைத் தேடிய பணியில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்துக் கழகத்தின் பங்கு பெரிது. இந்நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில் இருப்பது பலருக்கு மறந்துவிட்டது. 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வே வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் 1974ஆம் ஆண்டு வரை அதனை வழிநடத்தினார். கொல்லிமலையும் அந்நாளில் சேலம் மாவட்டத்தினுள்தான் இருந்தது. இந்தக் கழகத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலியோர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை 'சர்குஜாவின் நிலைத்த மகோதரம்' பற்றியது. நோயாளியின் ஈரலோடு நின்றுவிடாமல் அவன் குதிருக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தவர்கள் இவர்கள். குதிரில் இருந்தது கோண்ட்லி.

கோண்ட்லி என்பது நம் சாமையே. தாவரவியலார் அன்று பானிக்கம் மிலியேர் என்றும் இன்று பானிக்கம் சுமத்ரென்ஸ் என்றும் அழைக்கும் அதே சிறுதானியம். கொல்லிமலையின் மலையாளி மக்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று வகைவகையாகப் பெயரிட்டுக் காத்துவந்த தானியம். சர்குஜாவின் சாமையில் இன்னொரு விதையும் கலந்திருந்தது. ஊரார் அந்தச் செடியை ஜுன்ஜுனியா என்றனர். தாவரவியலில் குரோட்டலேரியா நானா.

பெயர்களைப் பற்றிச் சற்று நிற்க அனுமதியுங்கள். தமிழாசிரியனுக்கு இது தவிர்க்க இயலாத சபலம். இந்தியில் ஜுன்ஜுனா என்றால் குழந்தையின் கிலுகிலுப்பை. காய்ந்த நெற்றினுள் விதைகள் உருண்டு ஒலிப்பதால் செடிக்கும் அப்பெயர். கிரேக்கத்தில் குரோட்டலோன் என்பது தட்டி ஒலியெழுப்பும் தாளக்கருவி. லின்னேயஸ் வழங்கிய குரோட்டலேரியா என்னும் பேரினப் பெயர் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புக்கும் குரோட்டலஸ் என்ற பெயர் அவ்வேரிலிருந்தே வந்தது. தமிழில் இப்பேரினத்துச் செடிகளைக் கிலுகிலுப்பை என்றே சொல்கிறோம். ஒன்றையொன்று அறியாத மூன்று மொழிகள் ஒரே ஒலியைக் கேட்டு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. நம் வயல்களில் தழையுரத்துக்காக விதைக்கும் சணப்பையும் இக்குடும்பத்தின் உறுப்பினரே. வேரில் காற்றின் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளமாக்கும் நல்ல செடிகள் இவை. அவற்றின் இடம் மண், குதிர் அன்று.

இப்பேரினத்தின் பல செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கு எதிராகச் சேமித்த ஆயுதம் இது. வியப்புக்குரியது என்னவெனில், விதையில் இருக்கும் நிலையில் இப்பொருளின் கொடுமை குறைவு. ஈரலை அடைந்தபின், அந்நியப் பொருளை மாற்றி வெளியேற்றும் தன் வழக்கமான கடமையை ஈரல் செய்யும்போதுதான் அது கொடிய வடிவம் பெறுகிறது. வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைக்க வந்த பஸ்மாசுரனின் கதை நினைவுக்கு வருகிறது. அந்த வேதிமாற்றத்தில் பிறக்கும் நஞ்சு, குருதி ஓடும் நுண்குழாய்களின் உட்பூச்சு அணுக்களைத் தாக்குகிறது. அவை உரிந்து வீழ்ந்து வழியை அடைக்கின்றன. இந்த உண்மை தெளிந்தபின், 2002ஆம் ஆண்டு முதல் நோயின் பெயரையே மாற்ற வேண்டுமெனப் பரிந்துரைத்தனர்: அடைப்பு சிரையில் தொடங்குவதில்லை, அதற்கு முந்திய நுண்குழாய்களிலேயே தொடங்குகிறது என்பதால், 'சைனுசாய்டு அடைப்பு நோய்த்தொகுதி' என்றனர். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையின்போது கொடுக்கும் கடும் மருந்துகளாலும் இது வருவதுண்டு. ஆகையால் இன்று பெருநகர மருத்துவமனைகள் இந்நோயை நன்கறியும். ஆனால் அவை அறிந்திருப்பது வேறொரு வகை நோயாளியின் வழியாக.

இது ஒரு வேளை உணவில் கொல்லும் நஞ்சு அன்று. நாளும் சிறிதளவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்வது. வேறு தானியம் வாங்க வழியுள்ளவனுக்கு ஒரு கலப்படம் இன்னொன்றால் நீர்த்துப்போகும். ஒரே தானியத்தை நம்பியவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சர்குஜாவில் நிகழ்ந்த அதே காலத்தில் ஆப்கானிஸ்தானின் வடமேற்கே குல்ரான் பகுதியில் இதைவிடப் பெரிய அழிவு நேர்ந்தது. ஈராண்டுக் கொடும் வறட்சிக்குப் பின் விளைந்த கோதுமையில் ஹெலியோட்ரோப்பியம் என்னும் களை மண்டியது. (நம்மூர் தேள்கொடுக்குச் செடி இதன் உறவு.) பயிர் குன்ற, களை தழைத்தது. ஆய்வு செய்யப்பட்ட 7200 பேருள் ஏறத்தாழ 1600 பேருக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் இருந்தன. 1992ஆம் ஆண்டில் தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். போரினால் அறுவடை இரு மாதங்கள் தள்ளிப்போனது. அந்த இரு மாதங்களில் களைச்செடியும் முற்றி விதை பிடித்துவிட, கோதுமையோடு சேர்த்து அறுக்கப்பட்டது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்றனர். ஒரு துப்பாக்கிக் குண்டுகூட அவர்கள் வயிற்றைத் தொடவில்லை, போர் தொட்டது. எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் 2001ஆம் ஆண்டிலிருந்து 'இனம்தெரியா ஈரல் நோய்' என்று பதிவான ஒன்று, நெடுநாள் தேடலுக்குப்பின் அஜெரேட்டம் என்னும் களையின் வேலை எனத் தெரியவந்தது. குல்ரானில் 2007-08 குளிர்காலத்தில் இந்நோய் மீண்டும் தலைகாட்டியது. முப்பதாண்டுகளுக்கு முன் லான்செட்டில் அச்சேறிய பாடம் அந்த ஊர் வயலை எட்டவில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, ஈரலுக்குள் குருதி நின்றதன் காரணம் ஈரலுக்கு வெளியே வெகுதொலைவில் இருப்பது புலனாகிறது. மழை பொய்த்தது, போர் மூண்டது, களையெடுக்க ஆளில்லை, பசி புடைத்தெடுக்கும் வரை பொறுக்கவில்லை. மருத்துவ நூல்கள் 'காரணி' என்று ஒரு வேதிப்பெயரை எழுதி முடித்துக்கொள்ளும். வரலாற்றாசிரியன் அங்கே தொடங்கவேண்டியவன். இந்திய மருத்துவ வரலாறு எழுதுவோர் காலரா, பிளேக், அம்மை ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பக்கங்களில் ஒரு பத்தியையேனும் சர்குஜாவுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் குறை. 28 பேர் என்பது அரசாங்கக் கணக்கில் சிறிய எண். சில சிற்றூர்களில் அது பெரிய எண்.

தமிழில் தானியத்தைத் தூய்மை செய்யும் வினைகளுக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். மாணவர்கள் புடைத்தல் என்ற ஒன்றோடு நின்றுவிட்டார்கள். தூற்றுதல் களத்தில் காற்றோடு செய்வது, பதர் பறக்கும். புடைத்தல் முறத்தை மேலும் கீழும் அசைத்து உமி நீக்குவது. கொழித்தல் பக்கவாட்டில் அசைத்துக் கல்லும் குருணையும் பிரிப்பது. நாவுதல், நேம்புதல், தெள்ளுதல் என்று இன்னும் உண்டு. ஒவ்வொரு சொல்லும் ஒரு கையசைவு. ஒவ்வோர் அசைவும் ஒரு வகை அயற்பொருளை வெளியேற்றுவது. முறத்தைப் பிடித்த பெண்கள் படைத்த சொற்கள் இவை என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் எடையிலும் உருவிலும் தானியத்தை ஒத்த விதை கலந்துவிட்டால் எந்த அசைவும் அதை எளிதில் பிரிக்காது. சாமை போன்ற பொடித் தானியத்தில் இந்தத் தொல்லை மிகுதி. அதனால்தான் களத்துக்கு வருமுன், காட்டிலேயே களை பிடுங்கப்படவேண்டும்.

கொல்லிமலையில் சாமையின் பரப்பு கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காகச் சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சாமை இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் உமியை நீக்க உரலில் குத்தும் பெண்ணின் தோள்வலி. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் இம்மலையில் சிறுதானிய வகைகளை மீட்க முனைந்தபோது, விதைவங்கியோடு உமிநீக்கும் சிற்றியந்திரங்களையும் கொண்டுவந்தது. தோள்வலி குறையாமல் தானியம் திரும்பாது என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சென்னையின் கடைகளில் சாமைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. சர்குஜாவைப் படித்துவிட்டுச் சாமையை யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அத்தானியத்தில் குற்றமில்லை, தூய்மை செய்த சாமை நல்லுணவு. உணவுப் பொருள்களுக்கான பன்னாட்டு நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2014ஆம் ஆண்டில் இந்த ஆல்கலாய்டுகளைத் தடுப்பதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம், இச்செடிகளை அடையாளம் கண்டு, அவை பூத்து விதை பிடிக்குமுன் நிலத்திலிருந்து அகற்றுக என்பதே. கொல்லிமலைச் சரிவுகளில் மழை விட்ட நாட்களில் சாமைக் காட்டில் வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்கள் செய்துகொண்டிருப்பது அந்த வேலைதான்.